அண்ணன் நீட்டிய கைகள்

நான் எழுதிப் பழக்கமில்லாதவள். பத்தாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் பேசவும் வராது. ஆனாலும் அண்ணனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார்கள். குறையிருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அண்ணன் வள்ளியூருக்குப் பக்கத்தில், அம்மா பிறந்த ஊரில் பிறந்தார்கள். அப்பா சீக்கிரமே தவறியதால் பள்ளிக்கூடத்தை விட்டு, ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர் முக்கில் சைக்கிள் கடை போட்டார்கள். என்னைக் கட்டிக்கொடுத்ததும், நான் தனித்து வந்தபோது கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டதும் அண்ணன்தான். கோபம் வந்தால் பேச மாட்டார்கள். ஏதாவது ஒரு ட்யூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருப்பார்கள்.

வாலிபத்திலேயே கட்சியில் சேர்ந்து, கிளைச் செயலாளராகவும் இருந்தார்கள். ஆனால் ஞாயிறுதோறும் கட்சித் துண்டைச் சைக்கிளில் சுற்றி வைத்துவிட்டுத்தான் வேதக்கோயிலுக்குள் போவார்கள். எங்கள் சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம்.

தொண்ணூற்றாறு தேர்தலில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவரே கட்சி வேட்பாளராக நின்றார். அண்ணியின் தம்பி ஞானதுரையும் அதே கட்சிதான். அவர் கடைக்கு வந்தார்.

“அத்தான், நம்ம சபை ஆளு நிக்காரு. பிரசங்கத்துல ஒரு வார்த்த சொல்லச் சொல்லி ஐயர்ட்ட கேளும். உம்ம பேச்ச அவரு தட்டமாட்டாரு.”

“அங்கன எதிர்க்கட்சிக்காரனுந்தான் முழங்கால் போடுதான், மாப்ள. அவன் எங்க போவான்?”

“பொறவு எதுக்குவே கட்சித் துண்டு?”

“அது ரோட்டுக்கு.”

வேட்பாளர் தோற்றுப்போனார். எங்கள் ஊர்ப் பெட்டியில் ஓட்டு குறைந்ததற்கு அண்ணனைக் காரணம் சொல்லிப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இவருக்குக் கட்சியும் வேண்டாம், கர்த்தரும் வேண்டாம், பஞ்சர் ஒட்டினால் போதும் என்று டீக்கடையில் சிரித்தார்கள். அண்ணன் அதையெல்லாம் தாங்கிக்கொண்டார்கள். தாங்க முடியாதது வேறு.

நற்கருணை ஆராதனையில் எங்கள் சபையில் சமாதானம் கொடுக்கும் வழக்கம் உண்டு. ஐயர் பீடத்திலிருந்து தருவதை முன்னால் இருப்பவர் வாங்கி, திரும்பி, பின்னால் இருப்பவரின் கைகளைப் பிடித்துக் கொடுப்பார். அப்படியே கடைசி வரிசை வரை போகும். ஞானதுரை அண்ணனுக்கு நேர் பின்னால் இருப்பவர். தேர்தலுக்குப் பிறகு அவர் வாங்குவதை நிறுத்திவிட்டார். அண்ணன் திரும்பிக் கையை நீட்டுவார்கள். அவர் பாட்டுப் புஸ்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் உள்ளவர்களுக்கு வேறு யாராவது சுற்றிப்போய்க் கொடுக்க வேண்டியிருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து அண்ணியும் நானும் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

இடத்தையாவது மாற்றி உட்காரக்கூடாதா என்று ஒருநாள் கேட்டேன்.

“நான் மாறிட்டா அவன் யார்ட்ட வாங்காம இருப்பான்? எனக்கும் சலிச்சுப்போச்சும்மா. ஆனா நீட்டாம இருக்க வரல” என்றார்கள்.

போன வருஷம் மஞ்சள் காமாலை கண்டு பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டரிடம் கேட்டுக்கேட்டு ஒரு ஞாயிறு மட்டும் கோயிலுக்கு வந்தார்கள். அன்றும் திரும்பி உட்கார்ந்து கையை நீட்டினார்கள். அடுத்த பாட்டு தொடங்கும் வரை நீட்டியபடியே இருந்தார்கள். அந்த வாரம் வெள்ளிக்கிழமை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.

வீட்டுக்கே வந்து ஜெபித்த ஐயர் அவர்களுக்கும், ரத்தம் கொடுத்த காயல்பட்டினத்து நண்பருக்கும், கட்சி பார்க்காமல் வந்து நின்ற ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சனிக்கிழமை அடக்கத்தில் பெட்டிக்குத் தோள் கொடுத்த ஞானதுரைக்கும் நன்றி.

மறுநாள் ஞாயிறு, நற்கருணை ஆராதனை. அண்ணன் இடம் காலியாக இருந்ததால் அதற்கு முன்னால் இருந்தவர் எட்டி ஞானதுரையிடம் சமாதானம் கொடுத்தார். அவர் வாங்கிப் பின்னால் கொடுத்தார்.