ஒற்றைத் தகட்டில் ஓடிய நிலையம்

எங்கள் ஊரில் அவரைக் கண்ணாடி அக்கா என்பார்கள். அவரும் தையல்காரக் கணவரும் தங்கள் நிலத்தை ஒரு சூரிய மின் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார்கள். அங்கேயே சூரியத் தகடு துடைக்கும் வேலையும் அவருக்குக் கிடைத்தது. ஆறாயிரம் தகடுகள். இருபது வருஷம் துடைத்ததில் தோள் தேய்ந்து, வலது கை காதுக்கு மேல் எழும்பாது.

பிறகு தகடுகள் கிழண்டுபோயின. கம்பெனி பெரிய கேபிளைத் துண்டித்து, ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. மற்றவற்றைக் கழற்றாமல் அப்படியே விட்டு, ஒரே ஒரு தகட்டை மட்டும் காவல் அறையின் பல்பில் இணைத்தது. அதைத் துடைக்கக் கண்ணாடி அக்கா.

நிலத்தை எப்போது தருவீர்கள் என்று மேனேஜரிடம் கேட்டார். மேனேஜர் காரை விட்டு இறங்காமலே பதில் சொன்னார்.

"பல்பு எரியுதுல்ல? அப்ப நிலையம் ஓடுதுன்னுதான் அர்த்தம்."

அன்று மாலை தையல்காரர் தைத்துக்கொண்டிருந்த சட்டையை ஓரமாக வைத்துவிட்டு, ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் இருந்த அரசாங்க விதியை வாசித்தார். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மின் உற்பத்தி நின்றால், கம்பெனி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தூணையும் கேபிளையும் ஒரு மீட்டர் ஆழம்வரை தோண்டி எடுத்து, நிலத்தைப் பழையபடி ஒப்படைக்க வேண்டும். எவ்வளவு உற்பத்தி என்று விதியில் இல்லை. அந்த ஓட்டைக்குள் ஆறாயிரம் தகடுகளையும் நுழைத்துவிட்டார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை அரசாங்க ஆய்வாளர் வருவார். சுவிட்சைப் போடுவார், அணைப்பார், 'இயங்குகிறது' என்று எழுதுவார். இந்த வெட்டி முறிக்கும் வேலைக்கு அவருக்கு ஒரு ஜீப்பும் டிரைவரும் உண்டு.

நான்காம் வருஷம் ஆய்வாளர் வந்துபோன மறுவாரமே ஆலங்கட்டி மழை அந்த ஒற்றைத் தகட்டைச் சில்லுச் சில்லாக்கியது. அக்கா ஒளிக்கவில்லை. தினப் பதிவேட்டில், 'தகடு உடைந்தது. இன்று மின்சாரம் இல்லை' என்று எழுதினார். மறுநாளும் எழுதினார். மாதக் கடைசியில் மேனேஜர் வழக்கம்போல கார் ஜன்னல் வழியாகப் பதிவேட்டை வாங்கி, செல்போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு கையெழுத்து. அடுத்த ஆய்வுக்கு வரவேண்டிய ஜீப்பும் ரிப்பேர் என்று வரவில்லை. நல்லவேளை.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு அக்கா மின்துறை அலுவலகத்துக்குப் போனார். விசாரணை நடந்தது. நிலையம் நிற்கவில்லை, தற்காலிக ஓய்வில் இருந்தது என்று கம்பெனி வக்கீல் கூசாமல் சப்பைக்கட்டு கட்டினார். மேனேஜரோ, படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

அக்கா எழுந்தார். "அதுக்கு முன்னாடி ஓடுது ஓடுதுன்னு கையெழுத்துப் போட்டீங்களே சார், அதெல்லாம் படிச்சுட்டா போட்டீங்க?"

விசாரணை அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். கழற்ற உத்தரவு வந்தது.

கழற்ற வந்தவர்கள் தூண்களைத் தரைமட்டத்தில் அறுத்து, மேலே மண்ணைத் தள்ளி, கண்ணில் மண்ணைத் தூவப் பார்த்தார்கள். சரிபார்க்க வந்த ஆய்வாளர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். அக்கா கடப்பாரையை மண்ணில் குத்தினார், 'ணங்' என்றது.

"ஒரு மீட்டர்னு உங்க சட்டம்தானே சார் சொல்லுது? இங்க ஒரு சாண்லயே இரும்பு இருக்கு."

ஆய்வாளருக்கு முகம் சுண்டிப்போனது. பேனாவை மூடினார். எல்லாத் தூணையும் தோண்டி எடுக்க இன்னும் ஐந்து மாதம் ஆனது.

நிலம் திரும்பியது, வேலை போனது. மகிழ்ச்சியா என்று கேட்டவர்களிடம், தோள் வலிக்கிறது என்றார். ஒப்படைப்பு நாளில் கம்பெனி பந்தல் போட்டு, பூமியை நேசிப்பதாக ஒரு பேனரும் கட்டியது. அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. கழற்றிய தகடுகள் லாரியில் எங்கே போகின்றன என்று டிரைவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அகற்ற வேண்டும் என்று சொன்ன சட்டம், அகற்றியதை எங்கே போடுவது என்று சொல்ல மறந்திருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு விதவைப் பெண்ணின் நிலத்தை 'தற்காலிகக் கிடங்கு' என்று கம்பெனி குத்தகைக்கு எடுத்திருந்தது.

அக்கா வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக அந்தப் பெண்ணிடம் போனார். "தற்காலிகம்னா எத்தனை மாசம்னு எழுதி வாங்கினியாம்மா?" என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். அக்கா உள்ளே போய் உட்கார்ந்து, ஒப்பந்தத்தை எடுத்துவரச் சொன்னார்.