நின்னபடி ஜீப்பு பார்க்க ஆசைப்பட்ட கதை

மெக்கானிக் தொழில்ல பாதி ஆயுசு வண்டிக்கு அடியில போயிரும். மீதி ஆயுசு அடியில இருந்து எந்திரிக்கிறதுல போயிரும். எண்பதுகளோட ஆரம்பத்துல, போடிநாயக்கனூர்ல, எங்க வீட்டை ஒட்டின கொட்டகையில ஜீப்பு ரிப்பேர் பார்த்துக்கிட்டிருந்தவன் நான். மலை மேல ஏலத்தோட்டத்துக்கு ஆளு ஏத்திக்கிட்டுப் போற ஜீப்புகள்ல பாதி, நொண்டிக்கிட்டும் இருமிக்கிட்டும் எங்கிட்டத்தான் வந்து விழும். என்னை மாதிரியே படுத்து, உருண்டு, தவழ்ந்து வேலை பார்த்த சக தொழிலாளிகளே, இடுப்பை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு இதைப் படிங்க.

கோணிச்சாக்கு சவாரி

பக்கத்து ஊரு சிலமலைக்காரர் ஒருத்தரோட ஜீப்புக்கு அடியில மல்லாக்கப் படுத்து, கியர் பாக்ஸ் போல்ட்டை முடுக்கிக்கிட்டிருக்கேன். தும்மல் வந்துச்சு, தும்மினேன். அவ்வளவுதான்! இடுப்புல யாரோ பூட்டைப் போட்டுச் சாவியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்ட மாதிரி ஆயிருச்சு. அங்கிட்டும் அசைய முடியல, இங்கிட்டும் அசைய முடியல. "ஆத்தாடி!"ன்னு ஒரு சத்தம் போட்டேன் பாருங்க, அடுப்படியில இருந்து என் சம்சாரம் சரோஜா கரண்டியோட ஓடி வந்துட்டா.

குனிஞ்சு பார்த்தா. ஒரு கோணிச்சாக்கை எனக்கடியில கொஞ்சம் கொஞ்சமா சொருகினா. அவ ஒரு முனை, ஜீப்புக்காரர் ஒரு முனை. தரதரன்னு இழுத்து வெயில்ல போட்டாக. நான் கண்ணுல தண்ணி ஓட, மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்கேன். ஜீப்புக்காரர் என் மூஞ்சிக்கு நேரா குனிஞ்சு ரொம்பக் கரிசனமா ஒண்ணு கேட்டாரு:

"அண்ணே, அந்த போல்ட்டை முழுசா முடுக்கிட்டீகளா, பாதியில விட்டுட்டீகளா?"

மச்சான் போட்ட நாற்காலி

மதுரையில எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாரு. இனிமே படுத்து வேலை பார்த்தா, கடைசி வரைக்கும் படுத்தே கெடக்க வேண்டியதுதான்னு சொல்லிட்டாரு.

வீட்டுக்கு வந்தா மச்சான் ரத்தினம் உக்காந்திருக்காரு. சரோஜாவோட அண்ணன். ஏலக்காய் மூட்டை அடுக்குற கிட்டங்கி ஒண்ணு வச்சிருக்காரு. விசயத்தைக் கேட்டதும், "கவலைப்படாதீக மாப்ளே, கிட்டங்கியில மேற்பார்வைக்கு ஆளு வேணும்"னாரு. உங்ககிட்ட மட்டும் சொல்றேன், எனக்கு ஏலக்காய் வாடை பட்டாலே மண்டை இடிக்கும். போடியில பொறந்துட்டு இதை வெளிய சொல்ல முடியுமா? அதை விடுங்க. வண்டியைத் தொடாம ஒரு நாளை எப்படிக் கழிக்கிறதுன்னே எனக்குத் தெரியாது.

பள்ளம் தோண்டி அதுக்குள்ள நின்னு பார்க்க வேண்டியதுதானேன்னு நீங்க கேட்கிறது காதுல விழுகுது. தோண்டினோம். ஒண்ணரை அடியில பாறை. அப்பத்தான் லிஃப்ட் யோசனை வந்துச்சு. ரெண்டு தூணு, ரெண்டு பக்கமும் கை, வண்டியை அப்படியே குழந்தையைத் தூக்குற மாதிரி தூக்கிரும். ஈரோட்டுப் பக்கம் ஒரு பட்டறையில பார்த்ததா ஒரு லாரி டிரைவர் சொன்னாரு. சரோஜா யோசிச்சு ஒரு கெடு வச்சா. தைப் பொங்கலுக்குள்ள ஒரே ஒரு வண்டியையாவது நின்னபடி முடிச்சுக் காட்டணும், இல்லேன்னா பேசாம அண்ணன் கிட்டங்கிக்குப் போகணும். நான் சரின்னேன். மச்சான் என் தோளைத் தட்டிக் குடுத்தாரு:

"பொங்கல் முடிஞ்சு வந்து சும்மா உக்காருங்க மாப்ளே, மூட்டை எங்கயும் ஓடிராது."

அஞ்சடி மூணங்குலம்

கோயமுத்தூர்ல அந்த லிஃப்ட் விக்கிற கடைக்கு நானும் சரோஜாவும் போனோம். டை கட்டின தம்பி ஒருத்தர் எங்களை உக்கார வச்சு, கேள்வியாக் கேட்டுத் தள்ளிட்டாரு. ஆயில்ல தூக்குறதா, மரை போட்ட கம்பி சுத்தித் தூக்குறதா? ரெண்டு தூணையும் இணைக்க மேல உத்திரம் வேணுமா, தரையில இரும்புப் பட்டை வேணுமா? தரை எத்தனை அங்குல கான்கிரீட்? பொண்ணு பார்க்க வந்த எடத்துல கூட என்னை இம்புட்டுக் கேள்வி யாரும் கேட்டதில்ல.

ஆயில் ஒழுகுறதைத் துடைச்சே கை தேஞ்சவன் நான், அதனால மரைக்கம்பி. நம்ம கூரை தாழ்வு. அதனால மேல உத்திரம் வேணாம், தரையில பட்டை போதும். பட்டையால தரையில நாலு விரல் உசரத்துக்கு மேடு வரும், பரவாயில்லையான்னாரு. தம்பி, எங்க ஜீப்பு போற ரோட்டைப் பார்த்தா நீங்க இதை மேடுன்னே சொல்ல மாட்டீகன்னேன். தரைக்குப் பாறையே இருக்குன்னதும் அவருக்கு ஒரே சந்தோசம். எல்லாம் கூடி வந்துச்சு, கடைசியில கூரை உசரத்தைக் கேட்டாரு. பதினொண்ணரை அடின்னேன். பேனாவை மூடிட்டாரு. வண்டியை ஆறடி தூக்கினா, கூரை பதிமூணு அடியாவது இருக்கணுமாம்.

எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு. கிட்டங்கி நாற்காலி கண்ணுக்கு முன்னாடி வந்து நின்னுச்சு. சரோஜா என்னை எந்திரிக்கச் சொன்னா. கடையில நின்ன ஒரு தூணோட என்னை ஒட்டி நிக்க வச்சு, தம்பிகிட்ட டேப்பை வாங்கி உச்சந்தலை வரைக்கும் அளந்தா. அஞ்சடி மூணங்குலம். "ஆறடி ஆளுக்குத்தானே ஆறடி தூக்கணும்? தரைக்கும் ஜீப்பு வயித்துக்கும் ஏற்கெனவே ஒண்ணரை அடி இருக்கு, இவுகளுக்கு நாலடி தூக்கினாலே வயிறு தலைக்கு மேல வந்துருமே"ன்னு கேட்டா. தம்பி கணக்குப் போட்டுப் பார்த்தாரு. வண்டி உசரம் ஆறடி, தூக்குறது நாலடி, கூரைக்கு ஒண்ணரை அடி மிச்சம்! சரோஜா டேப்பைச் சுருட்டிக் குடுத்துட்டு, கடைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னா:

"கட்டிக்கிட்டு வந்து பன்னெண்டு வருசத்துல, உங்க உசரத்தால ஒரு ஆதாயம் இன்னைக்குத்தாங்க வந்திருக்கு."

வண்டியைத் தவிர எல்லாம் வந்துச்சு

கார்த்திகையில லிஃப்ட் வந்து இறங்குச்சு. பாறை மேல கான்கிரீட் கொட்டி, துளை போட்டு, போல்ட் அடிச்சு நிறுத்தியாச்சு. ரெண்டு தூணுக்கும் சந்தனம், குங்குமம். நானும் குளிச்சு முழுகி, துவைச்ச காக்கி போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கிறேன். ஊரே வந்துச்சு. ஆனா ஒரு ஜீப்புக்காரனும் வண்டியை உள்ள விட மாட்டேங்கிறான். எல்லாரும் ரோட்டுல நிறுத்திட்டு, நடந்து வந்து பார்த்துட்டு, நடந்தே போறான். சில பேரு பெண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டியாந்து காட்டினாக.

பூப்பாறையில இருந்து பாப்பச்சன்னு ஒரு மலையாளி டிரைவர் வருவாரு, பத்து வருசப் பழக்கம். லிஃப்டை மூணு தடவை சுத்தி வந்தாரு, கோயிலைச் சுத்துற மாதிரி. தூணைத் தட்டிப் பார்த்தாரு. குனிஞ்சு பார்த்தாரு. அப்புறம் என்னைத் தனியாக் கூப்பிட்டு, மத்தவுக காதுல விழாம மெதுவாக் கேட்டாரு:

"சேட்டா, சாயக்கடை பெஞ்சினு கூட நாலு காலுண்டு. ஈ ஜீப்பினு ரெண்டு காலு மதியோ, போதுமோ?"

தேவாரத்துச் சம்சாரி

மார்கழியில ஒரு நாள், பக்கத்து ஊரு தேவாரத்துல இருந்து ஒரு சம்சாரி, வெவசாயி, வந்தாரு. இவரு மத்தவுக மாதிரி இல்ல, சாவகாசமா உக்காந்து எல்லாம் கேட்டாரு. எம்புட்டு கனம் தாங்கும்? மேல போறதுக்கு எம்புட்டு நேரம் ஆகும்? மழை பட்டா ஒண்ணும் ஆகாதே? முதல் போணி மனுசன் கிடைச்சிட்டாருன்னு சரோஜாகிட்ட ரெண்டாவது காப்பி கூடக் கொண்டாரச் சொல்லிட்டேன். வண்டியை எங்க நிறுத்தியிருக்கீகன்னு கேட்டேன். வண்டியா, எங்கிட்ட சைக்கிள் கூடக் கெடையாதேன்னாரு. காப்பியைக் குடிச்சு முடிச்சுட்டு, வந்த விசயத்தைச் சொன்னாரு:

"எங்க சோளக்காட்டுக்கு யானை வருது அப்பு, இதைக் கொண்டுபோய் நட்டுட்டா, மேல ஏறி உக்காந்துக்கிறலாம், பரண் கட்டுற சோலி மிச்சம்ல?"

சிவப்பா ஒழுகின எண்ணெய்

போகிக்கு முந்தின நாள். மச்சான் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டுக் காலையிலேயே வந்துட்டாரு. பொங்கல் கழிச்சு நான் சேர வேண்டிய நேரம் காலமெல்லாம் பேசிக்கிட்டிருக்காரு. நானும் தலையைத் தலையை ஆட்டுறேன். அழுதுருவேன் போல இருந்துச்சு. அப்பத்தான் தோட்டத்துக்கு ஆளு ஏத்திப் போற டிரைவர் முருகேசனோட ஜீப்பு ஒரு பக்கமாச் சாய்ஞ்சுக்கிட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. பின்னாடி ஸ்பிரிங் பட்டை ஒடஞ்சிருச்சு. பொங்கல்னு மத்த பட்டறையெல்லாம் பூட்டு. அவனுக்கும் வேற வழி இல்ல, எனக்கும் வேற வழி இல்ல.

மலை ஜீப்புல ஒரு சட்டம் உண்டு, அது ஊருக்கே தெரியும். உக்காந்திருக்கிற வரைக்கும்தான் எடம் நம்ம எடம். ஒரு நிமிசம் கீழ எறங்கினா, பின்னாடி தொத்திக்கிட்டு வந்த ஆளு உக்காந்திரும். அப்புறம் மேடு ஏறுற வரைக்கும் நாமதான் தொங்கணும். முருகேசன், "எல்லாம் எறங்குங்க"ன்னு ஒரு சத்தம் போட்டான். தொத்திக்கிட்டு வந்தவுக எறங்கி டீக்கடைக்குப் போயிட்டாக. சாரல் அடிச்சதால பின்னாடி படுதா மூடிக் கெடந்துச்சு. உள்ள சத்தமே இல்ல. முருகேசன் வண்டியை ரெண்டு தூணுக்கும் நடுவுல விட்டான், நான் லிஃப்ட் கைகளை அடியில குடுத்து, சாமியைக் கும்பிட்டுப் பட்டனை அமுக்கினேன். ஆகா! ஜீப்பு மேல போச்சு! நான் அடியில போயி நின்னேன். நின்னேங்க! குனியல, படுக்கல, நிமிந்து நின்னேன்!

தோள்ல சொட்டுன்னு என்னமோ விழுந்துச்சு. தொட்டுப் பார்த்தா சிவப்பு. எந்த வண்டியிலயும் சிவப்பா ஒழுகுற எண்ணெயை நான் பார்த்ததில்ல. மோந்து பார்த்தேன். வெத்தலை எச்சில். "உள்ள யாரு?"ன்னு கத்தினேன். படுதா வெலகுச்சு. உள்ள ஏழு பொம்பளையாளு, மடியில தூக்குச்சட்டியோட, வரிசையா, கல்லு மாதிரி உக்காந்திருக்காக. தோட்டத்துக்குப் போற பேச்சியம்மா தலையை மட்டும் வெளிய நீட்டுச்சு:

"எறங்குனா எடம் போயிரும்ப்பு. நீ பாட்டுக்கு உன் சோலியப் பாரு, நாங்க பாட்டுக்கு உக்காந்திருக்கோம்."

இருநூறு சுத்து

பதறிப்போயி இறக்குற பட்டனை அமுக்கினேன். அதே நொடியில கரண்டு போச்சு. ஏழு உசிரு அந்தரத்துல. முருகேசன் தலையில கை வச்சு உக்காந்துட்டான். மரைக்கம்பி பிடிச்சது பிடிச்சபடி நிக்கும், தானா இறங்காதுன்னு எனக்குத் தெரியும். ஆனா என் காலுக்குத் தெரியல, அது பாட்டுக்கு ஆடுது. கையால சுத்தி இறக்க ஒரு கைப்பிடி குடுத்திருந்தாக. இருநூறு சுத்து சுத்தணும். என் இடுப்புக்கு இருபதே தாங்காது. சரோஜா என்னைப் பார்த்தா, கைப்பிடியைப் பார்த்தா, வெள்ளை வேட்டியில நின்ன அவ அண்ணனைப் பார்த்தா. "அண்ணே, வேட்டிய மடிச்சுக் கட்டு."

மச்சான் கைப்பிடியைத் தொடுறதுக்குள்ள மேல இருந்து பேச்சியம்மா, "இப்ப எறக்கி என்ன செய்யப் போறீக? ஒடஞ்ச வண்டியில எப்படிப் போறது? முதல்ல வேலைய முடிங்க"ன்னுச்சு. நானும் முருகேசனுமா ரெண்டு பெரிய மரக்கட்டையைக் கொண்டாந்து அடியில முட்டுக் குடுத்தோம். பட்டையைக் கழட்டினேன், புதுசை மாட்டினேன். தயவுசெஞ்சு யாரும் இப்படிச் செஞ்சிராதீக, இப்ப நெனச்சாலும் எனக்கு வேர்க்குது. சரோஜா ஸ்டூல் மேல ஏறி, மேல இருக்கவுகளுக்குத் தண்ணி குடுத்தா. டீக்கடையில இருந்து வந்தவுக, எடம் காலியாகலையேன்னு கீழ நின்னு சண்டை. கடைசி நட்டை முடுக்கி முடிச்சப்பத்தான் உறைச்சுச்சு. ஒரு மணி நேரமா நிக்கிறேன், இடுப்பு இருக்கிற ஞாபகமே வரல. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அங்கனயே தேம்பித் தேம்பி அழுதுட்டேன். ஒடனே மேல இருந்து, என்னமோ ஆபத்துன்னு ஏழு பேரும் கூட அழ ஆரம்பிச்சுட்டாக.

மச்சான் சுத்தினாரு. பத்து சுத்துக்கு ஒரு தடவை நின்னு மூச்சு வாங்கினாரு. வேட்டி கிரீஸ், மீசை கிரீஸ். மேல இருந்து பொம்பளையாளுக ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிச் சொல்றாக. எண்பத்தாறுல தப்பு வந்து ஒரு சண்டை வேற. ஒரு வழியா சக்கரம் தரையைத் தொட்டுச்சு. முருகேசன் ஸ்டார்ட் பண்ணினான். ஏழு பேரும் ஏழு எடத்துலயும் அப்படியே கெளம்பினாக. வாசலைத் தாண்டுறப்ப பேச்சியம்மா டீக்கடைக் கூட்டம், ஜீப்பு ஸ்டாண்டு எல்லாத்துக்கும் கேட்கிற மாதிரிக் கத்துச்சு: "தூக்குனப்ப ஒரு குலுக்கல் இல்ல தாயி! மேட்டு ரோட்டுக்கு அந்த லிஃப்டுலயே போயிரலாம் போல!"

அன்னைக்குச் சாயங்காலமே மூணு ஜீப்பு வாசல்ல நின்னுச்சு. மச்சான் கையை உதறிக்கிட்டு, பழக்க தோசத்துல, "அப்ப, பொங்கல் கழிச்சு எப்ப வர்றீக மாப்ளே?"ன்னு கேட்டாரு. சரோஜா அவருக்குத் துண்டை நீட்டினா:

"இவுக எங்கயும் வரல அண்ணே, நீ கை காலைக் கழுவிட்டுச் சாப்பிட வா."

ஆக, ரெண்டு கால் லிஃப்ட் வாங்கப் போற அன்பர்களே, கூரையை அளங்க, தரையைத் தட்டுங்க, உங்க உசரத்தையும் ஒரு தடவை பார்த்துக்கங்க, ஆனா பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி மறக்காம அந்தப் பின்னாடிப் படுதாவை மட்டும் தூக்கிப் பார்த்துருங்க.