உலை கொதிக்கும் வரை ஒரு மூலை

சிசிலியா அக்கா போன வருடம் மாதாவை வாசலோடு அனுப்பிவிட்டார். செபமாலை மாதமான ஒக்ரோபரில், குருநகரில் எங்கள் ஒழுங்கையில் மாதா சுரூபம் வீடு வீடாக வரும். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் இரவு தங்கும். வீடு கிடக்கிற கிடையில் வேண்டாம் என்று சொல்லி, பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம் தந்துவிட்டு, மதிலுக்கு அந்தப்புறம் நின்று எங்கள் செபத்தைக் கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. தாய் வந்தால் இருத்த ஓர் இடமில்லையா?

உண்மையில் இல்லைத்தான். அவருடைய மனுசன் தேவராசா அண்ணைக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துவிட்ட பிறகு, படகை உறவுக்காரப் பெடியன் பிரகாஸ் ஓட்டுகிறான். வலைகளை மட்டும் அண்ணை விடவில்லை. கை சரிவந்ததும் கடலுக்குப் போகவேண்டும் என்று சொல்லி, வீட்டுக்குக் கொண்டுவரச் செய்து முன்னறைச் சுவரோடு குவித்துவிட்டார். பிறகு கயிறு வந்தது, மிதப்புகள் வந்தன, பழைய எஞ்சின் சாமான் வந்தது. அக்காவும் லேசுப்பட்டவர் இல்லை. இடம்பெயர்ந்த காலத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர். அதனாலோ என்னவோ, வெறும் ஐஸ்கிறீம் பெட்டியைக்கூட எறிய அவருக்கு மனம் வராது.

கை இனிச் சரிவராது என்று டொக்டர் அக்காவிடம் சொல்லியிருந்தார். அக்கா அதை அண்ணையிடம் சொல்லவில்லை. வலையை வீட்டிலிருந்து தூக்கினால் அதைச் சொன்னதாகிவிடும். மாதா வீட்டுக்கு வரவேண்டும், மனுசனின் மனமும் உடையக்கூடாது. இதுதான் அவருடைய பாடு.

கோப்பாயில் கலியாணம் கட்டியிருக்கும் மகள் ஜெசிதா வந்து, லாண்ட்மாஸ்டர் வண்டி ஒன்று பிடித்து ஒரே நாளில் எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம் என்றாள். நல்ல பிள்ளைதான், ஆனால் எதிலும் அவசரம்.

"கொப்பரையும் சேத்தே ஏத்தப்போறாய்?" என்று தகப்பனைக் காட்டிக் கேட்டார் அக்கா. ஜெசிதா தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அக்கா தன் பாட்டில் ஒரு வழி கண்டுபிடித்தார். அடுப்பில் உலை வைத்துவிட்டு, அது கொதிக்கும் வரை ஏதாவது ஒரு மூலையைத் துப்புரவாக்குவார். கொதித்ததும் தும்புத்தடியைச் சாத்திவிட்டு அரிசி போடப் போய்விடுவார். ஒரு நாள் அலுமாரியின் ஒரு லாச்சி. இன்னொரு நாள் குசினி யன்னல். மூடியில்லாத பெட்டிகளை எறிந்த நாளில், பெட்டியில்லாத மூடிகளை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்தார். நான் சிரித்தேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இந்த வேகத்தில் அம்மி நகர அடுத்த வருட மாதா வந்துவிடுவார் என்று நக்கலும் அடித்தேன். அவர் கோபிக்கவில்லை. செபமாலை மாதம் பிறந்தபோது வீட்டில் நிலம் தெரிந்தது. என் நக்கலும் அடங்கிவிட்டது.

மிஞ்சியது வலைக் குவியல் மட்டும். அண்ணை அதன் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். அக்கா அதில் கை வைக்கவில்லை. மேலே பலகை ஒன்று வைத்து, வெள்ளைச் சீலை விரித்து, அதையே மாதாவுக்குப் பீடமாக்கிவிட்டார். சீலை கட்டையாகி நிலம் வரை எட்டவில்லை. கீழே வலை தெரிந்தது.

அங்கேதான் வினை வந்தது. கடலுக்கு இறங்கும் வலையை மாதாவின் காலடியில் வைத்து மன்றாடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். மாதா வந்த அன்று மாலை, சனம் நிறைந்த முன்னறையில், செபம் நடத்தும் மூப்பர் வலையைக் கண்டார். அவர் வேறென்ன நினைப்பார்? செபமாலையின் முதல் பத்துச் செபம் முடிந்ததும், தேவராசா மறுபடி தொழிலுக்குப் போக மாதா கைகொடுக்க வேண்டும் என்று உரத்து மன்றாடினார். எல்லோரும் ஆமென் என்றோம். அக்கா சொல்லவில்லை. அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணை இடக்கையை உயர்த்தினார்.

"மூப்பர், உப்பிடி மன்றாடாதேங்கோ. இந்தக் கை வராது, எனக்குத் தெரியும். நான் கடலிலை நிண்ட நாளெல்லாம் இவள் கரையிலை நிண்டவள். படகைக் கண்டவுடனை வீட்டை ஓடிப்போய், ஒண்டும் தெரியாதவள் மாதிரி அடுப்படியிலை நிப்பாள். பயந்தது எனக்குத் தெரியக்கூடாதெண்டு. இனியெண்டாலும் அவள் வீட்டிலை இருக்கட்டும்."

அவர் அதைக் கண்டிருப்பார் என்று அக்கா ஒருநாளும் நினைத்ததில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக ஒளித்த பயம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அடுத்த பத்தை வீட்டுக்காரிதான் தொடங்க வேண்டும். அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். கொஞ்சம் பார்த்துவிட்டு, கோணிய வாயால் அண்ணையே "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினார். செபத்தின் மற்றப் பாதியைப் பதிலாகச் சொல்ல அக்காவுக்குக் கனநேரம் எடுத்தது. நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.