கோகோ தோட்டம் பார்க்க வருபவர்

தொட்டியத்தில் எங்கள் தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கோகோ போட்டிருக்கிறோம். கொட்டை வாங்கும் சாக்லேட் கம்பெனி வருஷத்துக்கு ஒருமுறை ஒருவரை அனுப்பும். காட்டை அழித்து நட்ட கோகோவை அவர்கள் வாங்குவதில்லை. அதைச் சரிபார்ப்பதுதான் அவர் வேலை.

ஒல்லியான மனிதர். நாற்பது வயதிருக்கும். செல்போனில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேலியோரமாகத் தனியாகவே சுற்றி வருவார். இளநீர் வெட்டிக் கொடுத்தால் வாங்கமாட்டார்.

"குடிச்சிட்டா, அப்புறம் இந்தக் கொட்டை வேண்டாம்னு எழுதக் கை வராதுங்க" என்பார்.

போன பொங்கலுக்கு முதல் நாள், திருச்சி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஸ்ரீரங்கத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பதாகச் சொன்னார்.

"பொங்கலுக்கு ஊருக்குப் போகலீங்களா?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினார்.

"எங்க ஊரு மலையடிவாரங்க. அப்பா காட்டுக்குள்ள கொஞ்சம் மரத்தை வெட்டிட்டு கோகோ வச்சிருந்தாரு. வாங்கக் கூடாதுன்னு நான்தான் எழுதினேன். மூணு வருஷமா எங்கிட்ட பேசறதில்லை."

"வேற ஆளை அனுப்பச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாங்க. ஆனா முந்தின நாள்தான் அப்பாவுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு அதே மாதிரி எழுதிட்டு வந்தேன். அவர் மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

ஸ்ரீரங்கத்துக்கு மாறும் டோல்கேட் ஸ்டாப் வந்ததும், "வரேங்க" என்று இறங்கிக்கொண்டார்.

அவர் எழுந்தபோதே, மறுநாள் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரச்சொல்ல வாயெடுத்தேன். அடுத்த வருஷமும் எங்கள் தோப்பைப் பார்க்க அவர்தான் வருவார் என்பதால் கூப்பிடவில்லை. நான் செய்தது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை.