பொங்காத கல்

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எங்கள் நகரி எந்தப் பக்கம் போகும் என்று எல்லோரும் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். அப்போதுதான் கல் பார்க்கும் அந்த ஆபீசர் வந்தார். ஒட்டடைக்கம்பு மாதிரி ஒல்லி, மூக்கு நுனியில் கண்ணாடி. எந்தக் கல்லை எடுத்தாலும் முதலில் நக்கிப் பார்ப்பார். பிறகு சின்னப் புட்டியிலிருந்து ஒரு சொட்டுத் திராவகம் விடுவார். சில கல் புஸ்ஸென்று பொங்கும்.

பொங்கினால் மெட்ராஸ், பொங்காவிட்டால் ஆந்திரா என்று எங்கள் தறிக்காரர்கள் கிளப்பிவிட்டார்கள். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காத நான் அதை அப்படியே நம்பினேன். மெட்ராஸோடு சேரவேண்டுமே என்று, ஒரு கருங்கல்லில் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவி அவரிடம் நீட்டினேன்.

நக்கியவர் துள்ளிவிட்டார். துப்பிவிட்டுச் சொட்டு விட்டார். பொங்கவில்லை.

"வெத்தல சுண்ணாம்புதானே இது? ஈரமா இருந்தா பொங்காதுப்பா. நாலு நாள் காய்ஞ்சா, காத்துல இருக்கிற வாயுவ இழுத்துக்கினு கல்லாவும். அப்பத்தான் பொங்கும். இன்னாத்துக்கு இந்த வேல?"

"பொங்கினா மெட்ராஸ்னு சொன்னாங்க, சார்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நான் எல்லை போடறவன் இல்லப்பா, சுண்ணாம்புக்கல் தேடினு வந்தவன். எனக்கு நாகலாபுரம். எங்க ஊரு எந்தப் பக்கம் போவும்னு எனக்கே தெரியல."

பிறகு, யாரும் கேட்காமலே அதே கல்லில் இன்னொரு சொட்டு விட்டு, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் இரண்டு ஊரும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. அந்தக் கல்லை நாலு நாள் காயவைத்துக் கொண்டுபோயிருக்கலாம். அந்த மனிதருக்காகவாவது பொங்கியிருக்கும்.