டாக்டர் கேட்டது அவளிடம்

என் மகள் பிறந்த இருபத்தெட்டாம் நாள் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். கேட்டது என் மனைவியிடம். பதில் சொன்னது நான்.

நாங்கள் விருதுநகர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். திருப்பூர் பக்கம் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் டெய்லர், அவள் செக்கிங். வரிசையாக எட்டு அறைகள் உள்ள லைன் வீட்டில் குடியிருந்தோம். எல்லாருக்கும் ஒரே குழாய். அவள் ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கும்போது இருமல் பிடித்தது. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். வயிறு வளர்ந்ததே தவிர ஆள் இளைத்துக்கொண்டே போனாள். பஞ்சுத் தூசி என்றேன். இங்கே இருமாதவர் யார்?

செக்கப்புக்குப் போன இடத்தில் சளியைப் பரிசோதிக்க மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். மறுநாள் காலையில் அவள் அதை என்னிடம் தந்தாள். வேலைக்குப் போகிற வழியில் கொடுத்துவிட வேண்டும். நான் கொடுக்கவில்லை. சாக்கடையில் வீசிவிட்டு ஷிப்டுக்குப் போனேன். முந்தின வருடம் கடைசி அறைக்காரருக்கு டிபி என்று தெரிந்ததும் எங்கள் வரிசையே அவரைக் குழாயைத் தொட விடவில்லை. ஒரே வாரத்தில் காலி செய்துகொண்டு போனார். தொடாதே என்று சத்தம் போட்டவர்களில் நானும் ஒருவன்.

வீடு திரும்பியதும், "என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு நாள் ஆகுமாம்" என்றேன். ரெண்டு நாள் கழித்து, "ஒண்ணுமில்லையாம்" என்றேன்.

குழந்தை நல்லபடியாகத்தான் பிறந்தது. மூன்றாவது வாரம் பால் குடிக்க மறுத்தது. காய்ச்சல், மூச்சு விடும்போது விலா ஒட்டி ஒட்டி எழுந்தது. திருப்பூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். நிமோனியா என்று ஊசி போட்டார்கள். ஒரு வாரம் ஆகியும் காய்ச்சல் இறங்கவில்லை. வயிறு உப்பி, கல்லீரல் வீங்கியிருந்தது. அப்போதுதான் அந்த டாக்டரம்மா கேட்டார்.

"ஏனுங்கம்மா, உங்களுக்கோ ஊட்டுல வேற யாருக்கோ டிபி இருந்துச்சுங்களா? மாசமா இருக்கறப்ப இருமல், காய்ச்சல் ஏதாச்சும்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "சளி டெஸ்ட் எடுத்தோம் டாக்டர். ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க."

அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள். அவளுக்கு அதுதான் உண்மை. டாக்டர் வேறு காரணங்களைத் தேடப் போய்விட்டார். ரத்தம் எடுத்தார்கள், மருந்தை மாற்றினார்கள். நான்கு நாள் போனது. ஐந்தாம் நாள் குழந்தைக்கு ஆக்சிஜன் வைத்தார்கள்.

டாக்டர் மறுபடி வந்தார். "அந்த டெஸ்ட் எங்க குடுத்தீங்கன்னு சொல்லுங்க. நானே போன் பண்ணிக் கேட்டுக்கறேன்."

பக்கத்தில் அவள், பீய்ச்சியெடுத்த பாலைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "குடுக்கல டாக்டர். தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லவேண்டி வந்தது.

டாக்டர் திட்டவில்லை. அன்றே அவளுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியும் வாங்கினார்கள். நுரையீரலில் டிபி. குழந்தையின் மூக்கு வழியாகச் சின்னக் குழாய் விட்டு இரைப்பை நீரை எடுத்துச் சோதித்தார்கள். கிருமி இல்லை என்று வந்தது. அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு நிம்மதி. அப்படியானால் என்னால் இல்லை என்கிற நிம்மதி. மகள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது நான் நினைத்தது அதைத்தான்.

"இல்லைன்னு வந்துட்டா இல்லைன்னு ஆயிடாதுங்க" என்றார் டாக்டர். "பச்சைக் குழந்தைக்கு டெஸ்ட்டுல கிருமி லேசுல சிக்காது. அம்மாவுக்கு இருக்கறது தெரிஞ்சாத்தான் எங்களுக்கு வழியே. வயித்துல இருக்கறப்பவே போயிருக்கும்னு நினைக்கறேன். மருந்து ஆரம்பிச்சர்றோமுங்க." மூன்றாவது தடவை எடுத்த நீரில் கிருமி இருந்தது. அதற்குள் மருந்து தொடங்கி ஐந்து நாள் ஆகியிருந்தது.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. லைன் வீட்டுக்குச் சுகாதார ஊழியர்கள் வந்து எல்லாரையும் பரிசோதித்தார்கள். காலி செய்யச் சொல்வார்கள் என்று சாமான்களைக்கூடக் கட்டிவைத்தேன். வீட்டுக்கார அம்மா வந்து எட்டிப் பார்த்தார். "எதுக்குக் கண்ணு மூட்டை கட்டறே? மாத்திரையை உடாமத் தின்னச் சொல்லு. சொல்லியிருந்தா அப்பவே பாத்திருக்கலாமல்லோ" என்றார். நான் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன்.

பல நாள் கழித்து, குழந்தைக்கு மாத்திரையைக் கரைத்துக்கொண்டே என் மனைவி சொன்னாள்: "டப்பாவ வீசுனது கூடப் போகட்டும். ஒண்ணுமில்லன்னு வந்து சொன்னீங்கள்ல, அன்னைக்கு நான் எம்புட்டுச் சந்தோசமா இருந்தேன் தெரியுமா?"

தாய்க்கும் மகளுக்கும் மாதக்கணக்கில் மருந்து ஓடி முடிந்தது. மகளுக்கு இப்போது நான்கு வயது. நன்றாக இருக்கிறாள். அவள் அம்மா கேட்டதற்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.