ஹீலியத்துக்குக் காவல்

பத்திரமாக வைத்திருக்கும்போதே குறைந்துகொண்டிருக்கும் ஒன்றை எப்படித்தான் காவல் காப்பது? விடை தெரியாததால், மூடி அக்கா காலை ஏழு மணிக்கே துறைமுகக் கிடங்குக்குப் போன் போட்டுவிடுவார்.

"அண்ணே, டேங்க்ல புகை வருதா?"

"வருதும்மா. பீடி பிடிக்கிறவன் மாதிரி விட்டு விட்டு விடுது."

"விடட்டும். நல்லது பண்றோம்னு யாரும் வால்வை மூடிடாதீங்க, புண்ணியமாப் போகும்."

போன வருடம் ஒரு காவலாளி அப்படித்தான் நல்லது செய்தார். திரவம் தானாக ஆவியாகி வெளியேறும் வெள்ளைப் புகையைக் கசிவு என்று நினைத்து வால்வை இறுக்கி மூடினார். உள்ளே அழுத்தம் ஏறி, பாதுகாப்புத் தகடு கிழிந்து, டேங்கிலிருந்த திரவ ஹீலியம் முழுவதும் வானத்தோடு போயிற்று.

அணுக்களை இணைத்து மின்சாரம் எடுக்க முயலும் ஆய்வுக்கூடம் ஒன்றில் அக்கா கொள்முதல் அதிகாரி. அங்குள்ள ராட்சதக் காந்தங்களுக்கு ஹீலியத்தின் குளிர் வேண்டும். அவை சூடேறினால் மூன்று வருடச் சோதனை பாழ். கெட்டிக்காரர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. பயப்படத் தெரிந்தவர், அந்த வேலைக்கு அதுதான் தேவைப்படுகிறது. வீட்டிலும் பால் பாத்திரம், சர்க்கரை டப்பா எதுவும் திறந்திருக்கக் கூடாது. பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

"தண்ணி பாட்டில்மா அது. ஓடியா போயிடும்?" என்பாள் மகள். அக்கா சிரிப்பார், கை மட்டும் மூடியைத் திருகிக்கொண்டிருக்கும்.

பழைய விற்பனையாளர் இருமுறை கடைசி நேரத்தில் கையை விரித்தார். ஒரு வருடம் அலைந்து, புதிதாக ஹீலியம் கண்டெடுத்த சின்ன எரிவாயுக் கிணறு ஒன்றின் சொந்தக்காரர்களை அக்கா பிடித்தார். அவர்களுடைய முதல் டேங்க் ஒன்பது நாள் துறைமுகத்தில் காகிதங்களுக்காகக் காத்துக் கிடந்து, வியாழக்கிழமை மதியம் ஆய்வுக்கூட வாசலுக்கு வந்தது.

அளவுமானி அறுபத்திரண்டு சதவீதம் காட்டியது. எழுபதுக்குக் கீழே இருந்தால் திருப்பி அனுப்பலாம் என்பது ஒப்பந்தம். காந்தங்களுக்கு இப்போதைக்கு அறுபத்திரண்டு போதும்தான், ஆனால் அடுத்த டேங்க் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது.

"முதல் லோடே திரும்பிப் போனா கிணத்தையே மூடிடுவாங்கக்கா" என்றார் டிரைவர், அக்காவின் முகத்தைப் பார்க்காமல்.

இயக்குநர் போனைக் கையால் பொத்தியபடி வந்தார். "பழைய ஆளு லைன்ல இருக்கார்மா. இதைத் திருப்பிட்டா சாயங்காலமே ஃபுல் டேங்க் தர்றாராம். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அக்கா அளவுமானியை ஐந்தாவது முறையாகப் பார்த்தார். டேங்கைப் பெற்றுக்கொண்டதாக டிரைவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

"ஏம்மா?" என்றார் இயக்குநர்.

"இந்தக் கிணத்தை மூடிட்டா, அவர் மறுபடி கையை விரிக்கும்போது யார்கிட்டப் போறது சார்?" என்ற அக்கா, குழாயை இணைக்கச் சொல்லிக் கையை அசைத்தார்.